ஸ்ரீபெரும்புதூரில் எழுதிய ஒப்பந்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளும்

செங்கோட்டையிலிருந்து சென்னைக்குச் செல்லும் பொதிகை விரைவு ரயில், இராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் முன்னிரவில் கடந்து செல்கிறது. பண்டிகை விடுமுறை முடிந்த மறுநாள் இவ்விரு நிலையங்களிலும் சற்று நின்று பார்த்தால், முன்பு மில் வாசலில் வேலை கேட்டு நின்ற அதே வயதுப் பிள்ளைகள் இப்போது பையும் பலகாரப் பொட்டலமுமாக வண்டிக்குக் காத்திருப்பதைக் காணலாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்கள், தொழிற்பயிற்சி நிலையத்தில் சான்றிதழ் பெற்றவர்கள், டிப்ளமா முடித்தவர்கள் எனப் பலதரத்தினர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறவர்களும் அவர்களில் உண்டு. அங்கே அவர்கள் கோக்கும் கைபேசி, கடல் கடந்து விற்கப்படுகிறது.

இராமாநுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். ஆண்டாள் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் அழகருக்கு நேர்ந்துகொண்ட நூறு தடா அக்காரவடிசிலையும் வெண்ணெயையும் பிற்காலத்தில் இராமாநுஜர் செலுத்தியதனால், அவள் அவரைக் "கோயிலண்ணர்" என்று அழைத்ததாக வைணவர் கூறுவர். அன்று அண்ணன் தங்கை ஊருக்கு வந்தார். இன்று தங்கையின் ஊரார் அண்ணன் ஊருக்குப் போகிறார்கள். போகிறவர்களைப் பற்றிய ஒரு கேள்வியைத்தான் நாம் இங்கே ஆராய முற்படுகிறோம்.

கேள்வி, கிராம சபைகளில் எழக்கூடியதே. "அந்தக் கம்பெனிகளுக்கு அரசாங்கம் நிலம் கொடுக்கிறது, வரியைத் திருப்பிக் கொடுக்கிறது, மின்சாரத்தில் சலுகை கொடுக்கிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவருக்கும், இங்கே பால்கோவாவுக்குப் பால் ஊற்றுகிறவருக்கும் இல்லாத தாராளம், உலகப் பணக்காரக் கம்பெனிக்கு எதற்கு?" என்பதே அது. நியாயமான கேள்வி. "தொழில் வளர்ச்சிக்காக" என்று ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவது முறையாகாது.

மாட்டுச் சந்தையில் விலை பேசும் முறையை நம்மில் பலர் கண்டிருப்போம். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் துண்டுக்கடியில் இருக்கும். விரலைப் பிடித்தே விலை சொல்லுவர். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பெருங்கம்பெனிகளோடு அரசாங்கங்கள் பேசும் பேச்சும் ஏறக்குறைய இப்படித்தான் நடைபெறுகிறது. கைபேசி செய்கிற கம்பெனிக்குச் சீனாவும் வியட்நாமும் இடம் தரும். ஆந்திரமும் கர்நாடகமும் உத்தரப் பிரதேசமும் தரும். ஆகவே அது எல்லா இடத்திலும் விசாரிக்கிறது. பக்கத்து மாநிலம் என்ன சொன்னது என்பதை நம்மிடம் சொல்வதில்லை. நாம் சொன்னதை அங்கே சொல்கிறதோ என்பதும் நமக்குத் தெரியாது. இந்த நெருக்கடியில்தான் சலுகைகள் பிறக்கின்றன. சலுகையே கூடாது என்று ஒரு மாநிலம் மட்டும் விரதம் பூண்டால், தொழிற்சாலை அடுத்த மாநிலத்திற்குப் போய்விடும். அதனால் கொடுப்பதா வேண்டாமா என்பதை விட, எதை அளந்து கொடுக்கிறோம் என்பதே ஆராயத்தக்கது. சந்தையில் துண்டுக்கடியில் பேசுகிறவன் தன் மாட்டைத்தான் விற்கிறான். இங்கே பேசப்படும் நிலமும் நீரும் வரிப்பணமும் நம் எல்லோருக்கும் சொந்தமானவை.

சலுகைகள் எவை என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 1971-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமாகிய சிப்காட், நிலத்தைக் கையகப்படுத்தி, சாலையும் நீரும் அமைத்து, நீண்டகாலக் குத்தகைக்கு விடுகிறது. பத்திரப் பதிவுக் கட்டணத்தில் விலக்கு, சில ஆண்டுகளுக்கு மின்வரி விலக்கு, முதலீட்டில் ஒரு பங்குக்கு மானியம், விற்பனை வரியில் திருப்பம், ஆட்களுக்குப் பயிற்சி அளிக்க உதவி ஆகியவை மற்றவை. சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களுக்குக் குறைவாகவும், தொழில் குறைந்த தென் மாவட்டங்களுக்குக் கூடுதலாகவும் இவை வகுக்கப்படுகின்றன. ஆனாலும் தொழிற்சாலைகள் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் நாடியே செல்கின்றன. மானியம் மட்டும் ஒரு தொழிற்சாலையை மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்துவிடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி நடந்த கதைக்கு வருவோம். பின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனி, அக்காலத்தில் உலகிலேயே மிகுதியாகக் கைபேசி விற்ற கம்பெனி. 2005 ஏப்ரலில் அது தமிழ்நாடு அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஸ்ரீபெரும்புதூரில் சிறப்புப் பொருளாதார மண்டலமாக ஏறத்தாழ 210 ஏக்கர் நிலம் கொடுக்கப்பட்டது. மதிப்புக் கூட்டு வரியையும் மத்திய விற்பனை வரியையும் திருப்பிக் கொடுப்பதாகவும் அரசாங்கம் ஒத்துக்கொண்டது. 2006-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே உற்பத்தி ஆரம்பமாயிற்று. இவ்வளவு விரைவில் ஒரு தொழிற்சாலை எழுந்ததை நாடே வியந்து பார்த்தது. உதிரிப்பாகம் செய்யும் கம்பெனிகளும் பின்னாலேயே வந்து சேர்ந்தன. உச்சக் கட்டத்தில் நோக்கியாவில் மட்டும் நேரடியாக ஏறத்தாழ 8,000 பேர் வேலை பார்த்தனர். பெரும்பாலோர் இருபதைத் தாண்டிய சிறு வயதினர், பெண்கள் மிகுதி. நிலத்துக்கு வாங்கிய விலை குறைவென்று பின்னர் இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை குறை கூறிற்று. ஆனால் அன்று அந்த வேலைகள் பொய்யல்ல. எத்தனையோ வீடுகளில் தங்கை படித்ததும், கூரை ஓடாக மாறியதும் அந்தச் சம்பளத்தினால்தான்.

2013-இல் நிலைமை மாறிற்று. அவ்வாண்டு ஜனவரியில் வருமான வரித் துறையினர் தொழிற்சாலையில் சோதனை நடத்தினர். கைபேசியில் இடும் மென்பொருளுக்காகத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய உரிமைத் தொகைக்கு வரி பிடிக்கவில்லை என்பது வழக்கு; கேட்கப்பட்ட தொகை ரூ. 2,000 கோடிக்கு மேல். மறு ஆண்டு தமிழ்நாடு வணிக வரித் துறையும் ஏறத்தாழ ரூ. 2,400 கோடி கேட்டது. இதற்கிடையே, 2013 செப்டம்பரில், நோக்கியா தன் கைபேசித் தொழிலையே அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனிக்கு விற்க முடிவு செய்தது. தொடுதிரைக் கைபேசிகள் வந்தபின் அதன் வியாபாரம் சரிந்துவிட்டது என்பதே உண்மைக் காரணம். 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது, வரி வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை மட்டும் அந்த விற்பனைக்கு வெளியே நின்றது. பெரும்பாலோர் விருப்ப ஓய்வு பெற்றனர். 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு உற்பத்தி நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த பாக்ஸ்கான் தொழிற்சாலையும் அவ்வாண்டு டிசம்பரில் மூடப்பட்டது. வரித் தகராறு 2018-இல் இரு நாட்டு அரசாங்கங்களின் பேச்சில் தீர்ந்தது. ஆட்களுக்கு அது காலங்கடந்த தீர்வு.

இதில் யார் மேல் பிழை என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. வரி கேட்க அரசாங்கத்துக்கு உரிமையுண்டு. நஷ்டப்படும் தொழிலை விற்கக் கம்பெனிக்கும் உரிமையுண்டு. நாம் பார்க்க வேண்டியது வேறொன்று. திருப்பிக் கொடுத்த வரி, விற்பனையைப் பார்த்துக் கொடுத்தது. எத்தனை பேர் எத்தனை ஆண்டு வேலையில் இருந்தார்கள் என்பதைப் பார்த்துக் கொடுத்ததன்று. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல.

இதே நோக்கியாவுக்கு ஜெர்மனியிலும் ஒரு தொழிற்சாலை இருந்தது. போகும் என்ற ஊரில். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடியபின் வேலை வேண்டித் தவித்த ஊர் அது. அந்த மாகாண அரசாங்கமும் மானியம் கொடுத்தது. 2008-இல் நோக்கியா அதை மூடி, கூலி குறைந்த ருமேனியாவுக்கு உற்பத்தியை மாற்றியது. ஏறத்தாழ 2,300 பேர் வேலையிழந்தனர். ஆனால் அங்கே மானியப் பத்திரத்தில், இத்தனை பேரை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை எழுதப்பட்டிருந்தது. அந்த எண்ணிக்கை குறைந்ததைச் சுட்டி, 4 கோடியே 10 லட்சம் யூரோவை வட்டியோடு திருப்பித் தரும்படி மாகாண அரசாங்கம் கேட்டது. பேச்சின் முடிவில் நோக்கியா 2 கோடி யூரோ கொடுத்தது. அது போகும் நகரில் புதுத் தொழில் தொடங்குவதற்கான நிதிக்குச் சேர்ந்தது. வேலை திரும்பவில்லைதான். எனினும் கேட்பதற்கு ஒரு பிடி இருந்தது. ருமேனியா தொழிற்சாலையோ, மூன்றே ஆண்டில், 2011-இல் மூடப்பட்டுவிட்டது. பின்லாந்திலேயே சாலோ என்ற ஊர் அடுத்த ஆண்டு தன் கைபேசி உற்பத்தியை இழந்தது. தாய் வீட்டிலேயே நிற்காத தொழில் நம் ஊரில் நின்றுவிடும் என்று எண்ணியது நம் வெள்ளை மனம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேச்சுக்காக எடுத்துக்கொண்ட தொகைதான். ஒரு கம்பெனிக்குக் கொடுத்த சலுகைகள் அனைத்தும் சேர்ந்து ரூ. 100 கோடி, வேலை 2,000 பேருக்கு. அப்படியானால் ஓர் ஆளுக்கு ரூ. 5 லட்சம். அந்த வேலை பத்தாண்டு நிலைத்தால், ஆண்டுக்கு ரூ. 50,000 செலவிட்டு ஒரு குடும்பத்துக்குச் சம்பளம் வாங்கித் தந்தோம் என்று ஆகிறது. நல்ல பேரம்தான். இரண்டரை ஆண்டில் கதவடைத்தால், ஆண்டுக்கு ரூ. 2 லட்சம். கொடுத்த பணம் மாறவில்லை, வந்த ஆட்களும் மாறவில்லை. காலம் மட்டுமே மாறிற்று. ஒப்பந்தத்தில் தொகையையும் ஆட்களையும் எழுதிவிட்டுக் காலத்தை எழுதாமல் விட்டால் எவ்வளவு நட்டம் என்பது இதிலிருந்து விளங்கும்.

பின்னர் வந்த திட்டங்களில் சில திருத்தங்கள் காணப்படுகின்றன. 2020-இல் மத்திய அரசாங்கம் கொண்டுவந்த உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில், முன்பணம் ஏதுமில்லை. அடிப்படை ஆண்டைவிடக் கூடுதலாகச் செய்து விற்ற சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு 4 முதல் 6 வரை, ஐந்தாண்டுக்குக் கொடுக்கப்படும். களத்தில் நெல் குவிந்தபின் வாரம் பிரிப்பது போன்ற ஏற்பாடு. விளையாவிட்டால் பங்கு இல்லை. இத்திட்டத்தின் பின் பாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூரில் ஆப்பிள் கம்பெனியின் கைபேசிகளைப் பெருமளவில் கோக்கலாயிற்று. மகிந்திரா சிட்டியில் பெகட்ரானும், ஓசூர்ப் பக்கத்தில் டாட்டா எலக்ட்ரானிக்ஸும் அத்தொழிலில் இறங்கின. நோக்கியாவின் பழைய இடமும் பாழாய்க் கிடக்கவில்லை. கைபேசிக்கு மின்னூட்டி செய்யும் சால்காம்ப் கம்பெனி அதை எடுத்துக்கொள்வதாக 2019-இல் அறிவிக்கப்பட்டது. 2024-25-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மின்னணுச் சரக்கு ஏற்றுமதி 1,465 கோடி டாலரை எட்டியது. இந்தியா முழுவதும் ஏற்றுமதியானதில் இது நூற்றுக்கு 41 பங்கு. சலுகைகளால் பயனே இல்லை என்பார் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஆயினும் இந்த ஊக்கத்தொகையும் சரக்கை அளக்கிறதே தவிர, ஆளை அளக்கவில்லை. ஆளை அளந்து கொடுக்கும் சலுகைக்கும் தமிழ்நாட்டில் முன்மாதிரி உண்டு. 2024-25 நிதிநிலை அறிக்கையில், வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே அமைக்கும் திறன் மையங்களுக்குச் சம்பள மானியம் அறிவிக்கப்பட்டது. முதலாண்டு நூற்றுக்கு 30, இரண்டாமாண்டு 20, மூன்றாமாண்டு 10. ஆனால் அது மாதச் சம்பளம் ரூ. 1 லட்சத்துக்கு மேற்பட்ட வேலைகளுக்கு. பொறியியல் பட்டதாரிக்கு ஆகிறது. பொதிகை வண்டியில் ஏறும் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு எட்டாது. அவள் அமரும் வேலை வரிசைக்கும் இப்படியொரு அளவுகோல் வந்தால் நன்றாயிருக்கும் என்பது நம் கருத்து.

செய்தித்தாளில் வரும் பெருந்தொகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. தொகை ரூ. 6,64,180 கோடி. நேர்முகமாகவும் மறைமுகமாகவும் 26 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு வேலை என்று கணக்கிடப்பட்டது. இவற்றைக் கேட்டு மகிழலாம். ஆனால் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது நிச்சய தாம்பூலமும் அன்று. பெண் பார்த்துவிட்டு "பிடித்திருக்கிறது" என்று சொல்லி அனுப்புவது போன்றது. அதன்பின் சலுகைகளைக் குறிக்கும் அரசாணை, நில ஒதுக்கீடு, சுற்றுச்சூழல் அனுமதி, கட்டடம், யந்திரம், பின்னரே ஆட்கள். எந்தப் படியிலும் நின்றுவிடக்கூடும். உலகெங்கும் அப்படித்தான் நடக்கிறது. ஆகவே கிராமத்தார் பார்க்க வேண்டிய காகிதம் மாநாட்டுச் செய்தியன்று; அரசாணையே. பல அரசாணைகள் அரசாங்க இணையதளத்தில் கிடைக்கும். கிடைக்காதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பொதுத் தகவல் அலுவலருக்கு ரூ. 10 கட்டணத்தோடு மனுப் போட்டுக் கேட்கலாம். வியாபார ரகசியம் என்று சில பகுதிகள் மறுக்கப்படுவதுண்டு. கொடுக்கப்பட்ட நிலத்தின் பரப்பையும் வாக்களிக்கப்பட்ட வேலைகளின் எண்ணிக்கையையும் ரகசியம் என்று சொல்வது எளிதன்று.

பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வேலைக்குப் போன பிள்ளை எங்கே தங்குகிறது, என்ன சாப்பிடுகிறது என்பதும் ஒப்பந்தத்தில் அடங்க வேண்டிய விஷயமே என்பதை 2021 டிசம்பர் காட்டிற்று. பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் உணவு கெட்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தனர். உண்மை நிலை தெரியாமல் வதந்தி பரவவே, தோழிகள் ஆயிரக்கணக்கில் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டனர். தொழிற்சாலை சில வாரங்கள் மூடப்பட்டு, 2022 ஜனவரியில் திறந்தது. விடுதிகளைத் தொழிற்சாலை நேராக நடத்தவில்லை, ஒப்பந்தக்காரர்கள் நடத்தினர். கம்பெனியின் வாசல் பளிங்காக இருக்க, பிள்ளை படுக்கும் அறை யார் பொறுப்பு என்பதே தெளிவாக இல்லை.

இதற்குக் கிடைத்த விடை குறிப்பிடத்தக்கது. வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனமே ரூ. 706.50 கோடியில், 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைக் கட்டியது. 2024 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பெரிய கிராமங்கள் மூன்று நான்கைச் சேர்த்தாலும் அவ்வளவு ஜனத்தொகை வருமா என்பது சந்தேகம். வேலையை மட்டுமல்ல, வேலைக்கு வருகிறவர் தங்குமிடத்தையும் அரசாங்கம் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது சரியான போக்கு. எனினும் கட்டடம் கட்டுவதோடு பொறுப்புத் தீர்வதில்லை. சமையற்கூடத்தையும் குடிநீரையும் மாதந்தோறும் பார்வையிட ஆள் வேண்டும்.

கம்பெனிகள் கேட்பதையெல்லாம் அரசாங்கம் கொடுக்க முடிவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2023 ஏப்ரலில், வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை மாற்றியமைக்க இடந்தரும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டசபையில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்க்கவே, அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜூனில், மணமான பெண்களைக் கைபேசி கோக்கும் வேலைக்குப் பாக்ஸ்கான் எடுப்பதில்லை என்று ராய்ட்டர் செய்தி நிறுவனம் எழுதியது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர்ச் சாம்சங் தொழிற்சாலையில் தொடங்கிய வேலை நிறுத்தம் 37 நாள் நீடித்தது. சங்கத்தைப் பதிவு செய்வதே முக்கியக் கோரிக்கை. அமைச்சர்கள் நடுவிலிருந்து பேசி முடித்தனர். சங்கம் 2025 ஜனவரியில் பதிவாயிற்று. முதலீட்டை வரவேற்கும் கையும், தொழிலாளர் சட்டத்தைக் காக்கும் கையும் ஒரே அரசாங்கத்தின் கைகள். ஒரு கை மற்றதைப் பிடித்து இழுக்கும் நேரங்கள் வரத்தான் செய்யும்.

அரசாங்கம் கம்பெனிகளை அழைப்பவராக மட்டுமின்றி, அவற்றிடம் சரக்கு வாங்குபவராகவும் இருக்கிறது. அப்போது நிலைமை தலைகீழ். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரி, 50 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளை வாங்கி மாணவர்களுக்கு வழங்கிற்று. இத்தனை லட்சம் சரக்கு வாங்குகிறவர் சொல்லும் நிபந்தனையைக் கேட்காத கம்பெனி எது? பழுது பார்க்கும் இடம் இராஜபாளையத்தில் இருக்க வேண்டும், மதுரைக்கு அலையவிடக் கூடாது என்று எழுதினால் அதுவும் நடக்கும். மற்றோர் உதாரணம் நமக்கு இன்னும் அண்மையானது. இராஜபாளையத்திலிருந்து தெற்கே தென்காசிப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமம் இருக்கிறது. ஸோஹோ கம்பெனி 2011 முதல் அங்கே மென்பொருள் அலுவலகம் நடத்துகிறது. மத்திய அரசு ஊழியர் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் அக்கம்பெனியின் ஏற்பாட்டுக்கு மாற்றப்பட்டதாக 2025-இல் செய்தி வந்தது. அந்நியக் கம்பெனியிடம் வாங்கியே பழகிய பொருளை உள்நாட்டில் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு சோதனை. மலையடிவாரக் கிராமத்தில் கணினி வேலை நடக்குமா என்று சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை.

உள்ளூர் மூலதனத்தைப் பற்றி இராஜபாளையத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1936-இல் திரு. பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கியபோது, ஊராரிடம் சிறு சிறு பங்குகளாகவே பணம் திரட்டினார். பங்கு வைத்திருந்தவர் மில் சங்கொலியைக் கேட்டுக் கடிகாரம் பார்த்தவர். அப்படிப்பட்ட ஆலை நஷ்டம் வந்தாலும் சட்டென்று இடம் மாறிவிட முடியாது. பங்குதாரருக்குக் கடைத்தெருவில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் உள்ளூர் மூலதனத்தால் கைபேசித் தொழிற்சாலை கட்ட இயலாது. ஆகவே இரண்டும் வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வருகிற கம்பெனிக்குக் கடைத்தெருவில் பதில் சொல்லும் பொறுப்பு இல்லாததால்தான், அதை ஒப்பந்தத்தில் எழுதிப் பெற வேண்டியிருக்கிறது.

இப்போது இம்மாவட்டத்துக்கே இது நெருங்கி வந்திருக்கிறது. சாத்தூர்ப் பக்கத்து இ. குமாரலிங்கபுரத்தில், சிப்காட்டின் 1,052 ஏக்கரில், மத்திய அரசின் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு 2023 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கணினியன்று, துணிதான். ஆனால் அங்கே நிலம் கேட்டு வரப்போகும் கம்பெனிகளிடம் கேட்க வேண்டியவை, ஸ்ரீபெரும்புதூரில் கேட்டிருக்க வேண்டியவையே. நேரடி நியமனம் எத்தனை, ஒப்பந்தக்காரர் மூலம் எத்தனை, எத்தனை ஆண்டுக்கு, குறைந்தால் எந்தச் சலுகை நிற்கும் என்பன. சத்திரப்பட்டித் தறிகளிலிருந்தும் இராஜபாளையம் நூற்பாலைகளிலிருந்தும் சரக்கு வாங்குவார்களா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். சாயக் கழிவு நீர் எங்கே போகும் என்பதை விவசாயிகள் நாம் சொல்லாமலே கேட்பார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதும் சிறிது உண்டு. பிள்ளைக்கு வேலைக் கடிதம் வந்ததும், அதில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டும். கம்பெனியின் பெயரா, ஆள் சேர்க்கும் ஒப்பந்தக்காரரின் பெயரா? இரண்டாவதாயின், அவருடைய முகவரியைக் குறித்து வைத்துக்கொள்வது நலம். சேமநல நிதிக் கணக்கு எண்ணும் ஈ.எஸ்.ஐ. எண்ணும் முதல் சம்பளத்தோடு கேட்டு வாங்க வேண்டியவை. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்கள், டாட்டா டெக்னாலஜிஸ் கம்பெனியோடு அரசாங்கம் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ரூ. 2,877 கோடியில் புது யந்திரங்களும் பாடங்களும் கொண்டுவரப்பட்டதை அறிந்திருப்பது பயன்படும். தம் பிள்ளை சேரப்போகும் நிலையம் அந்த 71-இல் ஒன்றா என்று விசாரித்துக்கொள்ளலாம். வரிசையில் அமர்ந்து திருகாணி முறுக்கும் வேலை போனாலும், யந்திரத்தைப் பழுது பார்க்கக் கற்றவனுக்கு அடுத்த தொழிற்சாலையில் இடம் கிடைப்பது எளிது; 2014-இல் நோக்கியா மூடியபோது வேலையிழந்தவர்களில் பலரிடம் இல்லாமற்போனது அந்தக் கைத்தொழில்தான். கம்பெனி மாறினால் உதவாத வேலையையே அவர்கள் ஆண்டுக்கணக்கில் செய்து வந்திருந்தனர்.